வலது முதலில், இடது பிறகு

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு கம்ப்யூட்டர் வரியில் தப்பு தேடியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. கடைக்கு விடுமுறை. மூன்றாம் மாடியில், சாணை மெஷினுக்கும் லென்ஸ் பெட்டிகள் அடுக்கிய அலமாரிக்கும் நடுவே கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, அதற்கு மேல் இன்னொன்று. ஊருக்கெல்லாம் பவர் பார்த்துப் போட்டுவிட்டவர், தனக்கு மட்டும் பழைய இரண்டைச் சேர்த்து மாட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் மகள். இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்டூலில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் போட்ட நிபந்தனை அது.

“கீபோர்டு பக்கம் கை வந்துச்சுன்னா அம்மாவைக் கூப்பிடுவேன்.”

“எனக்கு முப்பத்திநாலு வயசுப்பா.”

“அதனாலதான் அம்மா. சின்னப் பிள்ளையா இருந்தா நானே பாத்துக்குவேன்.”

இரண்டாவது நிபந்தனை இன்னும் மோசம். அவர் கேட்பதற்கு அவள் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். உண்மையென்றால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ். விளக்கம் கூடாது, பெருமூச்சு கூடாது, ‘அது வந்துப்பா’ கூடவே கூடாது. மற்றவர்கள் எழுதும் ப்ரோகிராம்களில் தப்பு கண்டுபிடிப்பது அவளுடைய உத்தியோகம். அதனால் வீட்டில் அவளுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். அப்படிப்பட்டவளைக் கையைக் கட்டி, வாயைக் கட்டி உட்காரவைத்துவிட்டு, அறுபத்துமூன்று வயதில் தன் தப்பைத் தானே தேடிக்கொண்டிருந்தார் அவர்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதற்குக் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கண் சரியாகத் தெரியாதவர்கள் வரவேண்டிய கடையை ஐம்பத்துநான்கு படிகளுக்கு மேலே வைத்தவர் அவர். மூன்றாம் மாடியில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். கீழே யாரும் இடம் தரவில்லை என்பது அவர் மனைவி சொன்ன காரணம். கட்டடத்துக்கு லிஃப்ட் இருந்தது. முதலில் வாரத்தில் ஐந்து நாள் ஓடியது, பிறகு இரண்டு நாள், பிறகு அதன் கதவில் யாரோ சைக்கிளைச் சாய்த்துவைக்க ஆரம்பித்தார்கள்.

மேலே ஏறி வருகிறவர்களை முன்னறையில் அவர் மனைவி பார்த்துக்கொள்வார். ஃபிரேம் தேர்ந்தெடுக்க உதவுவது அவர் வேலை. உதவி என்றால், கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருப்பவரிடம், “கழட்டுங்க, ஆந்தை மாதிரி இருக்கீங்க” என்று சொல்வது. மூச்சு வாங்க ஏறி வந்தவர்களுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பிருக்காது. சொன்ன ஃபிரேமை எடுத்துக்கொள்வார்கள். அது நன்றாகத்தான் இருக்கும்.

உள்ளறை கண்ணாடிக்காரருடையது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்ப்பார். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குச் சாணையில் தேய்ப்பார், விளிம்பைச் சீவி ஃபிரேமில் பூட்டுவார். சீட்டில் எப்போதும் வலது கண் மேலே எழுதப்பட்டிருக்கும், இடது கண் கீழே. எனவே வலது லென்ஸ் முதலில், இடது பிறகு. முப்பத்தொரு வருடமும் இதே வரிசைதான். சட்டை பட்டனைக்கூட அவர் இப்படி மாறாமல் போட்டதில்லை என்பாள் மகள்.

கோணலாக உட்கார்ந்திருக்கும் கண்ணாடியை அவரால் சகித்துக்கொள்ள முடியாது. பஸ்ஸில் எதிரே இருக்கிறவர் மூக்கிலிருந்து உருவி, வளைத்து, திரும்ப மாட்டிவிடுவார். மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு முறை தலைமையாசிரியை பெற்றோரை வரச்சொல்லியிருந்தார். மகள் செய்த குற்றங்களை அவர் வரிசையாக வாசித்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக்காரர் எட்டி அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “எத்தனை வருஷமா இப்படிக் கோணலா மாட்டிக்கிட்டிருக்கீங்க? தலை வலிக்கலையா?” அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி அது. தலைமையாசிரியைக்குத் தலைவலி போய்விட்டது. மகளுக்குத்தான் அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தப் பள்ளியில் முகம் காட்டக் கூச்சமாக இருந்தது.

வாழ்க்கையில் அவர் கறாராக வைத்திருந்த கொள்கை ஒன்றுதான். ஒருத்தரை வீணாக மாடி ஏறவைக்கக் கூடாது. ஐம்பத்துநான்கு படி ஏறி வந்தவரிடம், “இன்னும் ஆகலை, நாளைக்கு வாங்க” என்று சொல்ல நேர்ந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. அதனால் யாரும் ஏறுவதற்கு முன் போன் செய்து கேட்கச் சொன்னார். கேட்டார்கள். நாள் முழுக்கக் கேட்டார்கள். சாணையில் கை இருக்கும்போதெல்லாம் மணி அடித்தது, “ஆயிடுச்சா?” மணிச் சத்தத்தில் கை அதிர்ந்து மாதத்துக்கு இரண்டு லென்ஸாவது விளிம்பு சிதறியது.

சீட்டு எண்ணைத் தட்டினால் கண்ணாடி தயாரா இல்லையா என்று சொல்கிற மாதிரி ஒரு வலைப்பக்கம் செய்துகொடு என்று மகளிடம் கேட்டார். அவள் அடுத்த வாரம் என்றாள். நான்கு மாதம் அடுத்த வாரமாகவே இருந்தது.

“உனக்காகக் காத்திருந்தா எனக்கே கண்ணு தெரியாமப் போயிடும்” என்று சொல்லிவிட்டு, வலைப்பக்கம் எழுதுவதைப் புதிதாகக் கற்பவர்களுக்கான வகுப்பொன்றில் இணையத்திலேயே சேர்ந்துகொண்டார். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சராசரியாகப் பத்தொன்பது வயது. ஆறே வாரத்தில் பக்கம் தயாராகிவிட்டது. அன்றிலிருந்து, ‘கை வைக்காதே’ என்பது சட்டம். அவளுக்கு எதிர்த்துப் பேச வாயில்லை. அடுத்த வாரம் சொன்னவள் அவள்தானே.

பக்கம் எளிமையானது. ஒவ்வொரு சீட்டு எண்ணுக்கும் நேரே இரண்டு விஷயம் எழுதிவைத்தார். வலது லென்ஸ் பூட்டியாயிற்றா, இடது லென்ஸ் பூட்டியாயிற்றா. இரண்டும் ட்ரூ என்றால் கண்ணாடி தயார். கம்ப்யூட்டரில் அதற்கு ‘&&’ என்று ஒரு குறி இருக்கிறது, இரண்டு பக்கமும் உண்மையாக இருந்தால்தான் மொத்தமும் உண்மை. இதைப் படித்த அன்று அவர் மகளுக்குப் போன் செய்தார்.

“ஏம்மா, இதுக்கா நாலு வருஷம் காலேஜ் போனே? இதைத்தானே நான் முப்பது வருஷமா செய்றேன்?”

எழுத்தையும் பதிலையும் சேர்த்து ஒரே வாக்கியமாகக் காட்ட ‘+’ போட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். போட்டார். அவர் எழுதிய வரி இது:

"உங்கள் கண்ணாடி தயார்: " + வலது && இடது

எண்ணைத் தட்டினால் ‘உங்கள் கண்ணாடி தயார்: ட்ரூ’ என்று வர வேண்டும். வந்தது வெறும் ‘ட்ரூ’. தயாராகாத கண்ணாடிக்கு வெறும் ‘ஃபால்ஸ்’. வாக்கியத்தைக் காணவில்லை.

“வாக்கியம் எங்கப்பா போச்சு?” என்று மகள் அப்போதே கேட்டாள்.

“வளவளன்னு பேசாம பதிலை மட்டும் சொல்லுது. நல்ல குணம். இந்த வீட்டுல வேற யாருக்கும் அது வரலை.”

முன்னறையிலிருந்து பதில் வந்தது. “ஆமாங்க, எனக்கு வந்திருந்தா பொண்ணு பார்க்க வந்தப்பவே ஃபால்ஸ்னு சொல்லியிருப்பேன்.”

மகள் பக்கத்தைச் சோதித்தும் பார்த்தாள். தொழில்புத்தி. இரண்டு லென்ஸும் ஆகாத எண், ஃபால்ஸ். வலது மட்டும் ஆன எண், ஃபால்ஸ். இரண்டும் ஆன எண், ட்ரூ. எல்லாம் சரி. நான்காவதாக ஒரு நிலை உண்டு, இடது மட்டும் ஆகி வலது ஆகாதது. அதை அவள் தட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கடையில் இடது முதலில் ஆகும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. வேறு யாருடைய ப்ரோகிராமாக இருந்திருந்தாலும் அதைத்தான் முதலில் தட்டியிருப்பாள். எழுதியவரிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசியும் இருப்பாள்.

எட்டு மாதம் பக்கம் தங்கமாக வேலை செய்தது. போன் மணி நின்றது. லென்ஸ் சிதறுவது நின்றது. ஒருவர்கூட வீணாக ஏறவில்லை. கண்ணாடிக்காரர் பஸ்ஸில் தெரியாதவர்களிடமும் பக்கத்தின் முகவரியை எழுதிக்கொடுத்தார், அவர்கள் கண்ணாடி போடாதவர்களாக இருந்தாலும்.

பிறகு ஒரு பஸ் டிரைவரின் சீட்டு வந்தது. எழுபது வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி ஊன்றுகோலுடன் நடப்பவர். அவருடைய வலது லென்ஸ் சாணையில் இருக்கும்போதே விளிம்பு சிதறிவிட்டது. இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. கையே லேசாக நடுங்கியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. புது லென்ஸ் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். சும்மா இருப்பானேன் என்று, முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, இடது லென்ஸை முதலில் தேய்த்துப் பூட்டினார். பட்டியலில் இடதுக்கு நேரே ட்ரூ போட்டார். வலதுக்கு நேரே ஃபால்ஸ் அப்படியே இருந்தது. பக்கம், ‘ட்ரூ’ என்றது.

வெள்ளிக்கிழமை காலை டிரைவர் ஏறி வந்தார். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, மாடிக்கு ஒரு முறை உட்கார்ந்து, அரைமணி நேரம் ஆயிற்று. உள்ளறையில் கண்ணாடிக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“அண்ணே, இன்னும் ஆகலையே. ஏன் ஏறி வந்தீங்க?”

“உங்க கம்ப்யூட்டர்தான் ட்ரூங்குது. என் பேரன் வயசுப் பசங்க சமாச்சாரத்தை எல்லாம் நம்பி ஏறினேன் பாருங்க.” மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இடது பக்கம் லென்ஸ், வலது பக்கம் ஓட்டை. ஓட்டைக்குள் விரலை விட்டு இமையைத் தேய்த்தார். “ஏன் கண்ணாடிக்காரரே, இது கண்ணாடியா, இல்ல கடல்கொள்ளைக்காரன் வேஷமா?”

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

“நாப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு ஆளைக்கூட ஏத்திக்கிட்டுப் பாதி வழியில எறக்கிவிட்டதில்ல. நீங்க பாதிக் கண்ணுல எறக்கி விடுறீங்க.”

“தப்பு என்னுதுதாண்ணே. நீங்க இனி ஏறக் கூடாது. லென்ஸ் வந்ததும் பூட்டி, வீட்டுக்கு நானே கொண்டு வரேன். சத்தியம் பண்ணுங்க, ஏறமாட்டேன்னு.”

“சத்தியம் நீங்கதானய்யா பண்ணணும்? என்னை எதுக்குக் கேக்குறீங்க?” என்றார் டிரைவர். ஆனாலும் பண்ணினார். அவர் இறங்கும்போது கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்துநான்கு படியும் கூடவே இறங்கினார். திரும்பி ஏறி வந்து, அன்று மதியம் சாப்பிடவில்லை. மாலையில் மகளுக்குப் போன் செய்தார்.

“இன்ஸ்பெக்டர், ஞாயித்துக்கிழமை வா. கை வைக்கக் கூடாது. வந்து உட்காரு, போதும்.”

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை.

“முதல் கேள்வி” என்றார். “அந்த வாக்கியம் காணாமப் போனதுக்கும், டிரைவர் அண்ணன் ஏறி வந்ததுக்கும் ஒரே தப்புதான் காரணம்.”

“ட்ரூ.”

“அது உனக்கு இப்பதான் தெரியும்.”

“ட்ரூ. வாக்கியம் காணோம்னப்பவே பார்த்திருக்கணும். பார்க்கலை.”

“ட்ரூவோட நிறுத்து. இந்த வரியில ‘+’ இருக்கு, ‘&&’ இருக்கு. ரெண்டுல எது முதல்ல வேலை செய்யுதுன்னு அதுக்குன்னு ஒரு வரிசை இருக்கு.”

“ட்ரூ.”

“‘&&’ முதல்ல.”

“ஃபால்ஸ்.”

கண்ணாடிக்காரர் மேல் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றினார். அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். முன்னறையில் அவர் மனைவி பழைய ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, ‘+’ முதல்ல பாய்ஞ்சு வாக்கியத்தையும் வலதையும் ஒட்டிடுது. இடது வர்றதுக்கு முன்னாடியே.”

“ட்ரூ.”

“ஒட்டினது ஒரு நீள எழுத்து. ‘உங்கள் கண்ணாடி தயார்: ஃபால்ஸ்’. அது ‘&&’ கிட்டப் போகுது. நீ உண்மையா பொய்யான்னு கேக்குது. அதுல ஃபால்ஸ்னு எழுதியிருக்கே? பொய்தானே?”

“ஃபால்ஸ்.”

“என்னது? எழுத்துன்னு ஒண்ணு இருந்தாலே அது உண்மையா? உள்ள என்ன எழுதியிருந்தாலும்?”

“ட்ரூ.”

“நான் பொய் சொல்றேன்னு எழுதியிருந்தாலும்?”

“ட்ரூ.”

“சுத்தம். உங்க சித்தப்பா மாதிரி. வாயைத் தொறந்துட்டாலே உண்மைங்குது.”

“என் தம்பியை எதுக்கு இழுக்குறீங்க?” என்றது முன்னறை.

“உன் தம்பி மாமாடி. நான் என் தம்பியைச் சொல்றேன்.”

“அப்ப சரி. ட்ரூ.”

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வலது பக்கம் என்ன சொன்னாலும் உண்மைதான் என்று எடுத்துக்கொண்டு, மெஷின் இடதை மட்டும் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறது. எட்டு மாதமாக. இடது ஆகிவிட்டால் வலது ஏற்கெனவே ஆகியிருக்கும் என்ற அவருடைய பழக்கம்தான் அதைக் காப்பாற்றிவந்திருக்கிறது.

“இவ்வளவு நாளும் அது சரியா வேலை செய்யலை. நான் சரியா வேலை செஞ்சிருக்கேன்.” அதில் பெருமையும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. “ரெண்டு லென்ஸும் ஒண்ணா சேர்ந்த பிறகுதான் வாக்கியத்தோட சேரணும். அடைப்புக்குறி போடணும்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“ட்ரூப்பா” என்றாள்.

ஒற்றை விரலால் தட்டினார்.

"உங்கள் கண்ணாடி தயார்: " + (வலது && இடது)

டிரைவரின் எண்ணைப் போட்டார். எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த வாக்கியம் முழுசாக வந்து நின்றது. ‘உங்கள் கண்ணாடி தயார்: ஃபால்ஸ்’. தன் கடையில் ஒரு கண்ணாடி தயாராகவில்லை என்று படித்து அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை. கையை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். கைகள் மரத்துப்போயிருந்தன. டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். சாயங்காலம் அவள் கிளம்பிவிட்டாள்.

புதன்கிழமை லென்ஸ் வந்தது. அன்றே தேய்த்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை காலை வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது காலில் சாக்ஸ் இருந்தது. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து, இதயம் என்றார், முயற்சி செய்தோம் என்றார். இன்னும் ஏதேதோ சொன்னார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் போன பிறகு மகளிடம், “கண்ணாடி எவ்வளவு கோணல் பார்த்தியா அந்தப் பையனுக்கு?” என்றார். அப்போதுதான் இருவரும் அழுதார்கள். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

பதினோரு நாள் கழித்து மகள் கடையைத் திறந்தாள். வாங்கிப் போகாத கண்ணாடிகளைச் சீட்டு எண்படி எடுத்துவைக்க வேண்டும். பூட்டைத் திறக்கும்போதே உள்ளே மணி அடித்தது.

“யாரும்மா அது? கண்ணாடிக்காரர் எங்க?” பஸ் டிரைவர்தான். “பதினோரு நாளா அடிக்கிறேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தா தயார், ட்ரூன்னு இந்தத் தடவை ஒழுங்கா வாக்கியமா போட்டிருக்கு. அதை நான் நம்பமாட்டேன். ஒரு தடவை ஏமாந்தது போதும். கண்ணாடிக்காரரை வாயால சொல்லச் சொல்லு.”

அவள் சொன்னாள். என்றைக்கு, எப்படி என்று இரண்டு வரியில் சொன்னாள். எத்தனையோ பேரிடம் சொல்லி, அதற்குள் மனப்பாடமாகியிருந்தது.



“கடல்கொள்ளைக்காரன்னு வேற சொல்லிட்டேனே” என்றார் டிரைவர். “நான் வரேம்மா. இப்பவே ஏறி வரேன். அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்.”

“வேண்டாங்க. ஏறாதீங்க.”

“முழங்காலா பெருசு?”

“ஏறமாட்டேன்னு அப்பாகிட்டச் சத்தியம் பண்ணியிருக்கீங்க.”

டிரைவர் போனை வைத்துவிட்டார்.

கண்ணாடி மேஜைமேலேயே இருந்தது, உறைக்குள், துடைக்கும் துணியோடு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் லென்ஸ். மகள் கம்ப்யூட்டரைப் போட்டு டிரைவரின் எண்ணைத் தட்டினாள். ‘உங்கள் கண்ணாடி தயார்: ட்ரூ’. அதற்குக் கீழே அவள் பார்த்திராத இன்னொரு வாக்கியம் இருந்தது. ‘உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது: ஃபால்ஸ்’.

கோப்பைத் திறந்தாள். புதன்கிழமை சாயங்காலம் அவர் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தார். வலது, இடது என்பவற்றோடு, ‘கொடுத்தாச்சு’ என்று மூன்றாவதாக ஒன்று. அடைப்புக்குறி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. யாரும் ஸ்டூலில் உட்கார்ந்து ட்ரூ சொல்லாமலே போட்டிருக்கிறார். அவள் மூன்றையும் மாற்றி மாற்றி, வரக்கூடிய எட்டு நிலைகளையும் ஒன்றுவிடாமல் சோதித்தாள். ஒரு தப்பும் இல்லை. மாற்றியதையெல்லாம் சேமிக்காமல் மூடிவிட்டு, அவர் விட்டுப்போனபடியே கோப்பை மறுபடி திறந்தாள்.

அந்த எண்ணுக்கு மேலே, மெஷின் படிக்காமல் தாண்டிப் போகும்படி இரண்டு சாய்கோடு போட்டு, தனக்காக ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார்:

// வியாழன் காலை, நானே போகணும். பச்சை கேட். தபால்பெட்டிக்குள்ள போட்டுட்டு வரக் கூடாது. மாட்டிவிட்டு, மூக்குல சரியா உட்காருதான்னு பார்த்துட்டு வரணும்.